பொன் துகளும் புற்றுநோயும்

மணமோதிரத்தில் மின்னும் பொன்னின் நிறம் யாது என்று வினவினால், சிறு குழந்தையும் மஞ்சள் என்று தயங்காது விடையிறுக்கும். ஆனால் அதே பொன்னைக் கண்ணுக்கு எட்டாத நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்நீர் மாதுளை முத்தைப் போலச் சிவந்து தோன்றும். பொருள் மாறவில்லை, அளவு ஒன்றே மாறியது. பொன்னையும் ஒளியையும் இணைத்துப் புற்றுநோயைக் கண்டறியவும் அழிக்கவும் விஞ்ஞானிகள் மேற்கொண்டுள்ள முயற்சிக்கு இந்த உண்மையே அடிப்படை.

இதன் காரணத்தை அறியாமலேயே மனிதன் நெடுங்காலம் இதனைக் கையாண்டு வந்திருக்கிறான். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமையக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உள்ளது. லைகர்கஸ் கிண்ணம் என்பது அதன் பெயர். வெளியிலிருந்து ஒளி பட்டால் அது பச்சையாகத் தெரியும். உள்ளே விளக்கை வைத்தாலோ செக்கச் செவேலென்று ஒளிரும். கண்ணாடியில் கலந்துள்ள பொன், வெள்ளித் துகள்களே இந்த விந்தைக்குக் காரணம். (நம் பழைய ஆலயங்களின் வண்ணச் சாளரங்களில் காணும் சிவப்பும் பொன்னால் வந்ததே என்று சிலர் எழுதுவதுண்டு. அது அவ்வளவு சரியன்று. மத்திய காலச் சாளரங்களின் சிவப்பு பெரும்பாலும் செம்பினால் ஆனது.) 1857ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி சிவந்த பொன் நீரைத் தாமே தயாரித்து, துகள்களின் நுண்மையே இந்நிறத்திற்குக் காரணம் என்று விளக்கினார்.

பொன்னில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியலை படும்போது ஊசலாடுகின்றன. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு கையும் அதனை உயரச் செலுத்திவிடும் அல்லவா? அதுபோலவே, ஒவ்வோர் அளவுத் துகளுக்கும் ஏற்ற ஒளி ஒன்று உண்டு. அந்த ஒளி கிடைத்தால் துகள் அதனை வெகுவாக ஈர்த்துக்கொள்ளும். ஒரு பகுதியைச் சிதறடிக்கும். எஞ்சியதை வெப்பமாக மாற்றும். சிதறும் ஒளி நோயைக் காட்டுகிறது. வெப்பம் நோயைச் சுடுகிறது.

முதலில் காட்டுவதைப் பார்ப்போம். புற்றுநோய் உயிரணுக்கள் பலவற்றின் மேற்புறத்தில் குறிப்பிட்ட ஒருவகைப் புரதம் மிகுதியாக இருக்கும். அப்புரதத்தைத் தேடிப் பற்றும் பொருளைப் பொன் துகளின்மீது பூசிவிட்டால், துகள்கள் நோயுற்ற அணுக்களில் திரளாக ஒட்டிக்கொள்ளும். எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி புரிந்த முஸ்தபா எல் சயீத் என்னும் அறிஞரும், மருத்துவரான அவருடைய மகனும் 2005இல் இதனைச் செய்து காட்டினர். எளிய நுண்ணோக்கியின் கீழேயே நோயுற்ற அணுக்கள் பளிச்சென ஒளிர்ந்தன. கருவுற்றதை அறிய இன்று வீடுகளில் பயன்படுத்தும் சோதனை அட்டைகள் பலவற்றில் தோன்றும் இளஞ்சிவப்புக் கோடும் இத்தகைய பொன் துகள்களின் திரட்சியே என்பது பலர் அறியாத செய்தி.

சுடுவது அத்துணை எளிதன்று. இருளில் மின்கைவிளக்கை விரல்களோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் சிவந்து ஒளிரும். பச்சையையும் நீலத்தையும் குருதி விழுங்கிவிட, சிவப்பு மட்டுமே ஊடுருவி வருகிறது. சிவப்புக்கு அடுத்துள்ள, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். ஆனால் சாதாரணப் பொன் துகள் விரும்புவதோ பச்சை ஒளியை! இந்த முட்டுக்கட்டையை நீக்கியவர் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை நவோமி ஹாலஸ். மணலின் மூலப்பொருளான சிலிக்காவினால் ஒரு நுண்ணுருண்டை செய்து, அதன்மேல் மெல்லிய பொன் ஓட்டினைப் போர்த்தினார். ஓட்டின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும், அது ஈர்க்கும் ஒளியைத் தாம் விரும்பியவாறு மாற்ற அவரால் முடிந்தது. இவ்வுருண்டைகள் சுமார் 150 நானோமீட்டர் அளவின; ஒரு தலைமயிரின் தடிப்பில் 500 உருண்டைகளை வரிசையாக வைக்கலாம்.

கட்டியை அவை எவ்வாறு சென்றடைகின்றன? வேகமாக வளரும் கட்டி தனக்கென இரத்த நாளங்களை அவசர அவசரமாக அமைத்துக்கொள்கிறது. அவை பூச்சற்ற சுவரைப் போல இடுக்குகள் நிறைந்தவை. அவ்விடுக்குகள் வழியே துகள்கள் கசிந்து கட்டிக்குள் தங்குகின்றன. பின்னர் லேசர் ஒளியைச் செலுத்தினால் அவ்விடம் மட்டும் சூடேறும். ஹாலஸும் அவருடன் பணியாற்றிய ஜெனிபர் வெஸ்ட்டும் 2004இல் வெளியிட்ட சோதனையில், இவ்வாறு சிகிச்சை பெற்ற சுண்டெலிகளின் கட்டிகள் பத்து நாள்களில் மறைந்தன. 90 நாள்களுக்கு மேலாகியும் நோய் திரும்பவில்லை.

எலி வேறு, மனிதன் வேறு. ஆகவே 2019இல் வெளியான நியூயார்க் மருத்துவர்களின் அறிக்கை கவனத்திற்குரியது. முதிய ஆண்களைப் பெரிதும் வாட்டும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில், அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் பின் சிலர் சிறுநீரை அடக்கும் ஆற்றலையும் இல்லற ஆற்றலையும் இழக்கின்றனர். அதனை மனைவியிடமும் கூற நாணித் தமக்குள்ளேயே புழுங்குவோர் பலர். அந்த அச்சத்தாலேயே மருத்துவரை நாடாதோரும் உளர். நியூயார்க்கில் நோய் முற்றாத 16 பேருக்கு முதல் நாள் துகள்களை இரத்த நாளத்தின் வழியே ஏற்றி, மறுநாள் மெல்லிய ஊசிகள் வாயிலாகச் சுரப்பிக்குள் ஒளியைச் செலுத்தினர். 15 பேருக்குச் சிகிச்சை நிறைவேறியது. மேற்கூறிய இரு ஆற்றல்களிலும் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை.

எனினும் 16 என்பது சிறு தொகையே. மேலும், உடலில் ஏற்றும் நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவன மிகச் சொற்பம். பல ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த டொராண்டோ விஞ்ஞானிகள் 2016இல் கண்ட நடுத்தர அளவு, நூற்றுக்கு 0.7 மட்டுமே! பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகிறது. உடலெங்கும் பரவிவிட்ட நோய்க்கும் இம்முறை பயன்படாது; ஒளி எட்டும் இடத்தில்தான் வெப்பம் பிறக்கும். இது இன்னும் ஆராய்ச்சி நிலையிலுள்ள முறையே அன்றி, எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்கும் சிகிச்சை அன்று.

பொன்னால் புற்றுநோய் தீரும் என்ற செய்தியை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, தங்க பஸ்பம் உண்டால் போதும் என்று நம்மவர் எண்ணிவிடக் கூடும். அவ்வாறு எண்ணுவோரிடம் பணம் பறிப்பவர்களுக்கும் குறைவில்லை. பஸ்பம் வேறொரு வைத்திய முறையின் மருந்து. மேலே கூறிய சிகிச்சையிலோ பொன் மருந்தே அன்று; ஒளியைப் பிடித்து வெப்பமாக்கும் கருவி. அதனை விழுங்குவதால் கட்டி சூடேறுவதில்லை. மார்பிலோ கழுத்திலோ கட்டி தென்பட்டவர்களும், சிறுநீர் கழிப்பதில் புதிதாகத் துன்பம் கண்ட முதியவர்களும் முதலில் செய்துகொள்ள வேண்டியது மருத்துவமனைப் பரிசோதனையே. நியூயார்க்கில் அந்த 16 பேரும் இச்சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், அவர்களது நோய் சுரப்பியை விட்டு வெளியேறும் முன்னரே கண்டுபிடிக்கப்பட்டிருந்ததுதான்.