பெரியவர்களின் படிப்புக் கணக்கு: ஆபிரிக்காவில் இரண்டு நாடுகள்

"பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு இவ்வளவு படிப்பு?" இந்தப் பேச்சு நம் லயங்களில் கேட்டுப் பழகிய பேச்சுத்தான். ஆபிரிக்காவின் பல நாடுகளிலும் இப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அதே ஆபிரிக்காவில் ஆண் பிள்ளையின் படிப்பை நிறுத்திய நாடும் ஒன்று உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மலாவி நம்மைப் போலத் தேயிலை பயிரிடும் நாடு. தியோலோ, முலாஞ்சே மாவட்டங்களில் பெரிய தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே 25 வயதுக்கு மேற்பட்டவர்களின் படிப்பைக் கணக்கிட்டால், ஆண்கள் பெண்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஒரு வருடம் கூடப் படித்திருக்கிறார்கள்.

லெசோத்தோ சின்ன மலைநாடு. அதன் நாலு பக்கமும் தென்னாபிரிக்காதான். அங்கே பெண்கள் ஆண்களைவிட ஒரு வருடத்துக்கு மேல் கூடப் படித்தவர்கள்.

ஏன் இப்படி?

லெசோத்தோவில் சின்னப் பையன்களை மலையில் ஆடுமாடு மேய்க்க அனுப்புவார்கள். வளர்ந்ததும் அவர்கள் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அங்கே உடல் பலத்தைத்தான் பார்த்தார்கள். படிப்பை யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருந்த பெண் பிள்ளைகள் பாடசாலைக்குப் போனார்கள். 1990களில் சுரங்கங்கள் ஆட்களைக் குறைத்தபோது, ஆயிரக்கணக்கான ஆண்கள் தொழிலும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் ஊர் திரும்பினார்கள்.

மலாவியில் தண்ணீர் எடுப்பது, விறகு பொறுக்குவது, தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் பெண் பிள்ளையின் தலையில் விழுகிறது. பிறகு கலியாணம். 2015-16இல் எடுத்த கணக்கின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 100க்கு 42 பேர் 18 வயதுக்கு முன்பே கலியாணம் செய்தவர்கள். 2017இல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கலியாண வயதை 18 ஆக்கினார்கள்.

இனி வரும் வருடங்களின் கணக்கு

இன்னும் இருபது வருடத்தில் இந்த வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று நிபுணர்கள் முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். இதை எதிர்வுகூறல் என்பார்கள். இது சாத்திரம் பார்ப்பது போன்றதல்ல. 25 வயதுக்குப் பிறகு மீண்டும் வகுப்புக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆகவே 2040இல் 25 வயதாகப் போகிறவர், அதாவது 2015இல் பிறந்தவர், எவ்வளவு படிப்பார் என்பது இன்றைய வகுப்பறையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு வயதினரையும் ஆண், பெண் என்று பிரித்து, வயதை வருடா வருடம் கூட்டிக்கொண்டே போனால் வருங்காலக் கணக்கு கிடைக்கும்.

மலாவி 1994இல் ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை நீக்கியது. மாணவர் தொகை சுமார் 19 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் வரை கூடியது. அந்த வருடம் 6 வயதில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு 2013இல்தான் 25 வயது. அதுவரை அந்தப் பிள்ளை பெரியவர்களின் கணக்கில் வரவே இல்லை. 1994இல் படிப்பில்லாமல் 25 வயதில் இருந்த தாய்க்கு 2034இலும் 65 வயதுதான். அவரும் அதே கணக்கில் இருப்பார். அதனால்தான் பாடசாலையில் வித்தியாசம் மறைந்த பிறகும், பெரியவர்களிடம் அது பல வருடம் தங்கிவிடுகிறது.

லெசோத்தோ 2000ஆம் ஆண்டிலிருந்து வகுப்பு வகுப்பாக இலவச ஆரம்பக் கல்வியைக் கொண்டுவந்தது. 2010இல் அதைக் கட்டாயமாக்கியது. இருந்தும் மேல் வகுப்புகளில் பெண் பிள்ளைகளே கூட. எனவே அங்கே பெண்களின் முன்னிலை சீக்கிரம் மாறாது. மலாவியில் ஆரம்ப வகுப்புகளில் இருபாலாரும் ஏறக்குறையச் சமம். ஆகவே வித்தியாசம் மெதுவாகக் குறையும். எவ்வளவு வேகமாகக் குறையும் என்பது, வயதுக்கு வந்த பெண் பிள்ளை மேல் வகுப்பில் நிற்கிறாளா என்பதைப் பொறுத்தது.

இரண்டு நாட்டிலும் பிள்ளையை நிறுத்தியது வீட்டு வேலையும் அன்றைக்குக் கிடைத்த கூலியும்தான். அந்தக் கூலி முடிந்த பிறகும் படிப்பின் குறை ஐம்பது வருடம் கணக்கில் நிற்கிறது.

உங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாட்டி, அம்மா, அப்பா, மகன், மகள் ஒவ்வொருவரும் எத்தனை வருடம் படித்தார்கள்? ஒரு தாளில் எழுதுங்கள். யாருடைய படிப்பு எந்த வகுப்பில், எந்தக் காரணத்தால் நின்றது என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். இப்போது படிக்கும் பிள்ளைக்கு அதே காரணம் வரப்போகிறதா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.