குற்றவாளி துப்பாக்கி அல்ல!

கையில் துப்பாக்கி இருக்கிறது. துப்பாக்கியில் தோட்டாவும் இருக்கிறது. ஆனால் சுட முடியவில்லை!

போர்முனையில் நிற்கும் சிப்பாய்க்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டா?

ஈராக் நாட்டில் 2003-ம் ஆண்டு போர் மூண்டது. அங்கே சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள் இப்படித்தான் புகார் சொன்னார்கள். ஒருவர் இருவர் அல்ல, பலர்!

அவர்கள் இடுப்பில் இருந்தது "எம்-9" என்ற கைத்துப்பாக்கி. இத்தாலியில் உள்ள பெரட்டா கம்பெனி உருவாக்கியது. பல பரீட்சைகள் வைத்துப் பார்த்த பிறகு, 1985-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் இதைத் தேர்ந்தெடுத்தது.

அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு என்ன வந்தது?

பெட்டியும் ஸ்பிரிங்கும்

எம்-9 பாதி தானியங்கித் துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் விசையை இழுக்க வேண்டியது சிப்பாயின் வேலை. அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது துப்பாக்கியின் வேலை.

துப்பாக்கியின் கைப்பிடிக்குள் ஓர் ஒடுக்கமான இரும்புப் பெட்டி இருக்கும். அதற்கு "மாகசின்" என்று பெயர். அதில் 15 தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

சுட்டதும் துப்பாக்கியின் மேல்பாகம் பின்னால் ஓடும். காலித் தோட்டாவை வெளியே எறியும். உடனே முன்னால் வரும். வரும்போது பெட்டியின் உச்சியில் உள்ள தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளிவிடும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்!

அந்த நேரத்தில் தோட்டா மேலே வந்து சேராவிட்டால்? மேல்பாகம் வெறுமனே திரும்பிவிடும். பார்வைக்குத் துப்பாக்கி தயாராக இருப்பதுபோல் தெரியும். விசையை இழுத்தால் "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! குண்டு வராது.

போகாத கோளாறு

சிப்பாய்கள் சும்மா இருக்கவில்லை. தினமும் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். சிலர் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் பார்த்தார்கள். 15 தோட்டாவுக்குப் பதில் 10 மட்டும் போட்டுப் பார்த்தார்கள்.

கோளாறு போகவில்லை. "இந்தத் துப்பாக்கியை நம்பி எப்படிப் போவது?" என்ற பயம் வந்துவிட்டது.

ராணுவம் ஆராயத் தொடங்கியது. தோட்டா மேலே வருவதில்தானே தடங்கல்? எனவே எல்லோருடைய கண்ணும் பெட்டியின் மேல் விழுந்தது.

அங்கேதான் குட்டு உடைந்தது!

உப்புத்தாள் போல...

அந்தப் பெட்டிகள் பெரட்டா கம்பெனி செய்தவை அல்ல. வேறொரு கம்பெனியிடம் ராணுவம் வாங்கியவை. "பெட்டிக்குப் பாஸ்பேட் பூச்சு கனமாக இருக்கவேண்டும்" என்பது ராணுவம் போட்ட நிபந்தனை.

துருப் பிடிக்கக்கூடாது என்பதற்காகவே இரும்புக்கு இந்தப் பூச்சு. நல்ல எண்ணம்தான். ஆனால் கனமாகப் பூசினால் அது உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும்.

ஈராக்கின் பாலைவன மணலோ மாவுபோல் நைசானது. அது பெட்டிக்குள் புகுந்து, சொரசொரப்பில் பற்றிக்கொண்டது. தோட்டாக்கள் உராய்ந்து நின்றன. ஸ்பிரிங் தள்ளியும் நகரவில்லை!

துப்பாக்கி தன் வேலையைச் செய்தது. சிப்பாயும் ஒழுங்காகத் துடைத்தான். கம்பெனியும் சொன்னபடி செய்து கொடுத்தது. தவறு எங்கே இருந்தது? காகிதத்தில் எழுதிய ஒரு நிபந்தனையில்!

நிபந்தனை மாறியது

ராணுவம் அந்த நிபந்தனையைத் திருத்தியது. பூச்சு மாறியது. ஏறக்குறைய 20 லட்சம் புதிய பெட்டிகள் சிப்பாய்களுக்குப் போய்ச் சேர்ந்தன. புகாரும் நின்றது.

அதன் பிறகும் பல ஆண்டுகள் எம்-9 சேவை செய்தது. 2017-ம் ஆண்டில்தான் அமெரிக்க ராணுவம் அதற்குப் பதிலாக வேறு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது.

நம் வீட்டிலும் இது நடப்பதுதான். தையல் மிஷின் அடிக்கடி நூலை அறுத்தால், "மிஷினே மட்டம்!" என்று திட்டுகிறோம். பாபினில் சிக்கிய பிசிறை யாரும் பார்ப்பதில்லை.

ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறதா? பெரிய எந்திரத்தைப் பழிக்காதீர்கள். அதன் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருளை முதலில் பாருங்கள்!