எண்ணெய்க் கறை: பற்றும் விதமும் நீக்கும் முறையும்

தாளிக்கும்போது தெறிக்கும் நல்லெண்ணெயும், தலையணை உறையில் படியும் தேங்காய் எண்ணெயும், சைக்கிள் சங்கிலியில் உரசி ஒட்டும் கிரீஸும் துணியில் விட்டுச் செல்லும் கறைகள், வெறும் நீரில் எவ்வளவு அலசினாலும் போவதில்லை. நீரின் மூலக்கூறு ஒரு முனையில் சிறிது நேர்மின் தன்மையும் மறுமுனையில் சிறிது எதிர்மின் தன்மையும் கொண்ட முனைவுள்ள மூலக்கூறு. எண்ணெயின் மூலக்கூறுகளோ பெரும்பாலும் முனைவற்றவை. நீர் மூலக்கூறுகள் தம்முள் இறுகப் பிணைந்து எண்ணெயை ஒதுக்கிவிடுவதால், கறையின் மேல் நீர் ஓடுகிறதே தவிர அதனுள் புகுவதில்லை.

கறை எந்த இழையில் பட்டது என்பதும் முக்கியமானது. பருத்தி இழை நீரை விரும்புவது. எனவே நூல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய் ஏறிக்கொண்டாலும், சலவை நீர் இழையை நனைத்து அதனை வெளியே தள்ள முடிகிறது. பாலியெஸ்டர் இழை நீரை ஏற்காமல் எண்ணெயை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், அதில் பட்ட கறை மெல்லியதாகத் தோன்றினாலும் பிடிவாதமாக நிற்கும்.

கறை பட்டவுடன் செய்ய வேண்டியது, எண்ணெயைத் துணியிலிருந்து உறிஞ்சி எடுப்பதே. துணியை நனைக்காமல், மிகுதியான எண்ணெயைத் தாளால் ஒற்றி எடுத்தபின், டால்கம் பவுடரையோ சோளமாவையோ கறை மறையும்படி தூவிச் சிறிது நேரம் விட்டால், பொடித் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிடைவெளிகள் எண்ணெயை இழுத்துக்கொள்கின்றன. பின்னர் பொடியைத் தட்டிவிடலாம். முதலிலேயே நீர் ஊற்றினால் பொடி நனைந்து குழைந்து, உறிஞ்சும் திறனை இழந்துவிடும். அழுத்தித் தேய்த்தாலோ எண்ணெய் இழைகளுக்குள் ஆழமாக இறங்கி அகலமாகப் பரவும்.

எஞ்சியிருக்கும் எண்ணெயை நீக்குவது சோப்பின் வேலை. கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் சேர்ந்தது என்பதை விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜீன் செவ்ரல். அவரது ஆய்வுகள் 1823-இல் நூலாக வெளிவந்தன. அந்தக் கொழுப்பு அமிலங்களின் உப்பே சோப்பு. சோப்பு மூலக்கூறுக்கு நீர் விரும்பும் தலையும் நீர் வெறுக்கும் நீண்ட வாலும் உண்டு. வால்கள் எண்ணெயில் புகத் தலைகள் நீரில் நிற்பதால், இழையில் பரந்து கிடந்த எண்ணெய்ப் படலம் மெல்லச் சுருண்டு, துளிகளாகத் திரண்டு, இழையை விட்டு எழும்புகிறது. சோப்பு மூலக்கூறுகள் அத்துளிகளைச் சூழ்ந்து மிசெல் எனப்படும் நுண்ணுருண்டைகளாக நீரில் மிதக்கவிடுகின்றன. செயற்கைச் சலவைப் பொருள்களும் பாத்திரம் துலக்கும் திரவமும் இதே முறையில் இயங்குகின்றன. கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீரில் சோப்பு திரிந்து வீணாவது போல் இவை எளிதில் வீணாவதில்லை. உலர்ந்த கறையின் மீது பாத்திரம் துலக்கும் திரவத்தை நீர் கலக்காமல் சில துளிகள் இட்டு, விரலால் மெல்லத் தடவி, ஊறவிட்டு, அந்தத் துணி தாங்கும் அளவு சூடான நீரில் அலசுவது பருத்தித் துணிக்கு ஏற்ற வழி. சூடு எண்ணெயை இளக்கி ஓடச் செய்கிறது. சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும் தேங்காய் எண்ணெயைக் குளிர்ந்த நீரில் அகற்றுவது கடினம்.

காரமும் எண்ணெய்க்குப் பகைவன். உவர்மண்ணில் தோய்த்த துணிகளை ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவி முறையில், மண்ணிலுள்ள காரம் கொழுப்பின் ஒரு பகுதியைச் சோப்பாக மாற்றிவிடுகிறது; வாஷிங் சோடாவும் இவ்வகையில் உதவுகிறது. ஆனால் புரத இழையான பட்டைக் காரம் சிதைக்கும் என்பதால், பட்டுச்சேலைக்குச் சப்போனின் என்னும் நுரைப்பொருள் கொண்ட பூந்திக்கொட்டை ஊறிய நீர் ஏற்றது. சில சலவைத்தூள்களிலுள்ள லிப்பேஸ் என்னும் நொதி கொழுப்பையே துண்டாக்குகிறது. அது நிதானமாகச் செயல்படுவதால், அத்தகைய தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவைப்பது பயன் தரும்.

குழம்புக் கறையில் எண்ணெயோடு மஞ்சளின் குர்குமின் என்னும் நிறமியும் சேர்கிறது. காரமுள்ள சோப்பு பட்டதும் கறை சிவப்பதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. எண்ணெய் நீங்கும்போது அதில் கரைந்த நிறமியும் பெருமளவு நீங்கும், எஞ்சிய மஞ்சளை வெயில் வெளுத்துவிடும். கிரீஸ் கனிம எண்ணெயால் ஆனது என்பதால் லிப்பேஸ் அதில் செயல்படாது. சிறிது சமையல் எண்ணெயால் அதனை இளக்கி ஒற்றி எடுத்து, பின்பு இரண்டையும் சேர்த்துப் பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவலாம். எளிதில் தீப்பற்றும் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ வீட்டில் இதற்குத் தகாதவை.

காலம் கடந்தால் நல்லெண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்புகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, மஞ்சள் நிறப் பிசினாக இறுகுகின்றன. இஸ்திரிப் பெட்டியின் சூடு இதனை விரைவுபடுத்துகிறது. ஈரத்துணியில் கறை கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும் என்பதால், துவைத்த துணியை நிழலில் உலர்த்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறை எஞ்சியிருந்தால் மீண்டும் ஒருமுறை திரவமிட்டு அலசி, அது முற்றிலும் நீங்கியபின்னரே இஸ்திரி போட வேண்டும்.