“அம்மா, உன் ஜடை எங்கே?” பிள்ளை கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்!

ஆஸ்பத்திரியில் இருந்து அம்மா வந்துவிட்டாள் என்றதும் வாசலுக்கு ஓடி வருகிறாள் 5 வயது மகள். வந்தவள் அப்படியே நின்றுவிடுகிறாள். அம்மா தலையில் துணி. துணிக்குள் மொட்டை!

“அம்மா, உன் ஜடை எங்கே?”

“சாமிக்குக் கொடுத்துட்டேன், கண்ணு.”

“என்னை விட்டுட்டு திருப்பதி போனியா?”

அம்மாவுக்குப் பதில் வரவில்லை. பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போகிறாள். குழந்தைக்கு ஒன்று மட்டும் புரிகிறது. எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள்!

புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். நோயைக்கூடத் தாங்கிக்கொள்பவர்கள், பெற்ற பிள்ளை முன்னால் மொட்டைத் தலையோடு நிற்கும்போது உடைந்துபோகிறார்கள்.

ஏன் கொட்டுகிறது?

புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகுபவை. வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பதுதான் கீமோ மருந்தின் வேலை. முடியின் வேரில் உள்ள செல்களும் அப்படித்தான் பெருகுகின்றன. நல்லது, கெட்டது பார்க்காமல் மருந்து அவற்றையும் அடித்துவிடுகிறது. சிலருக்குப் புருவம், இமை முடிகூடப் போய்விடும்.

எல்லா மருந்துக்கும் கொட்டாது. கொட்டுமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். ‘கரண்ட் வைப்பது’ என்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சையில் கதிர் படும் இடத்து முடி மட்டுமே போகும்.

கொட்டும் மருந்து என்றால், பெரும்பாலும் முதல் மருந்து ஏற்றிய 2, 3 வாரத்தில் தொடங்கும். அதுதான் பெற்றோருக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்!

பெயரைச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது 1954-ல். இத்தனை வருஷம் கழித்தும் அந்த நோயின் பெயரைச் சொல்லத் தயங்கும் வீடுகள் உண்டு. பெரியவர்கள் ரகசியமாகப் பேசப் பேச, குழந்தைக்குத்தான் பயம் கூடும்.

“அம்மாவுக்கு உடம்புல ஒரு நோய். அதுக்குப் பேரு புற்றுநோய். அதுக்கு பலமான மருந்து ஏத்துறாங்க. அந்த மருந்தால முடி கொட்டும். மருந்து முடிஞ்சதும் திரும்ப வளரும்.” இவ்வளவு போதும்.

“நான் இழுத்ததாலயா?”

சின்னக் குழந்தைகளின் கணக்கே வேறு. ‘அன்னிக்கு கோபத்துல அம்மா முடியைப் பிடிச்சு இழுத்தேனே, அதனாலதான் கொட்டுது’ என்று மனதுக்குள் மருகும். வாய்விட்டுச் சொல்லாது. அதனால் கேட்காமலே 3 விஷயங்களைச் சொல்லுங்கள். இது உன்னால் வரவில்லை. உனக்கு ஒட்டாது. உனக்கு ஜடை பின்ன, பள்ளிக்கூடம் கூட்டிப்போக ஆள் இருக்கிறார்கள்.

“நீ செத்துப்போயிடுவியாம்மா?” என்று கேட்டால் அதட்டாதீர்கள். தெரியாததற்குச் சத்தியமும் செய்யாதீர்கள். “டாக்டருங்க நல்லா வைத்தியம் பார்க்கிறாங்க. எதுவா இருந்தாலும் உன்கிட்ட சொல்லுவேன்” என்பதே நேர்மையான பதில்.

போட்டோவை எடுங்கள்!

மொட்டை நமக்குப் புதிதா என்ன? காது குத்தும்போது பிள்ளைக்கு அடித்த மொட்டை போட்டோ அலமாரியில் இருக்கும். எடுத்துக் காட்டுங்கள். “பாரு, உனக்கு வளரலையா?” சாமி பெயரில் சொன்ன பொய்யைவிட இது நூறு மடங்கு மேல்.

கொட்டும் முன்பே முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் அதிர்ச்சி குறையும். ஆசைப்பட்டால் பிள்ளை சீப்பைப் பிடிக்கட்டும், தலைக்குக் கட்டும் துணியைத் தேர்ந்தெடுக்கட்டும். டோப்பா வைப்பதானால் முதலில் அதன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பயந்தால் வற்புறுத்த வேண்டாம்.

டீச்சர் காதிலும் போட்டுவையுங்கள். மற்ற பிள்ளைகள் கேலி செய்தால், “எங்கம்மாவுக்கு மருந்து ஏத்துறாங்க, முடி திரும்ப வளரும்” என்று சொல்லப் பழக்குங்கள்.

சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பூனைமுடி எட்டிப்பார்க்கும். 3 முதல் 6 மாதத்தில் பெரும்பாலோருக்குத் தலை மூடிவிடும். முதலில் சுருட்டையாகவோ நிறம் மாறியோகூட வரலாம்.

அன்று அந்தத் தலையைத் தடவிப் பார்த்து, “அம்மா, சொன்ன மாதிரியே வந்துடுச்சே!” என்று பிள்ளை குதிக்க வேண்டும். அதற்கு முதலில் நீங்கள் சொல்லியிருக்க வேண்டுமே!