உருகாமல் ஒட்டும் உலோகம்

பல்லடம் பக்கத்தில் பம்ப்செட் மோட்டார் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்துக்கு வரும் அலுமினியக் கேபிளை ஸ்டார்ட்டரின் காப்பர் முனையில் நேராக முடுக்கினால், கொஞ்ச காலத்தில் அந்த இடம் சூடேறிக் கருகிவிடுகிறதாம். அதனால் இப்போது பைமெட்டல் லக் வாங்கிப் போடுகிறார். கேபிள் நுழையும் குழல் அலுமினியம், போல்ட் முடுக்கும் தட்டை காப்பர். “இரண்டும் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு இல்லை, ஈயப்பற்று இல்லை, ரிவெட்டும் இல்லை. வைஸில் பிடித்து வளைத்துப் பார்த்தேன். அலுமினியம்தான் மடங்கியதே தவிர ஒட்டு விடவில்லை. எப்படித்தான் சேர்க்கிறார்கள்?” என்று கேட்கிறார்.

ஒரு பொருளை வாங்கினோம், போட்டோம் என்று போகாமல், வைஸில் வைத்து வளைத்துப் பார்த்து, பிறகு கேள்வியும் கேட்கிறாரே, அதற்காகவே இந்தக் கட்டுரை.

அவர் கையில் இருப்பது உராய்வுப் பற்றவைப்பில் பிறந்த பொருள். அலுமினியத்தையும் காப்பரையும் தீயாலோ மின்பொறியாலோ உருக்கிச் சேர்ப்பது பெரும்பாடு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். காப்பருக்கு 1085 டிகிரி வேண்டும். அலுமினியத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலோ 2000 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும். இத்தனையையும் சமாளித்து இரண்டையும் உருக்கிக் கலந்துவிட்டாலும் நிம்மதியில்லை. கலவை இறுகும்போது, அலுமினியத்தின் நெகிழ்வோ காப்பரின் நெகிழ்வோ இல்லாத ஒரு நொறுங்கும் சேர்மம் நடுவில் தடித்துப் படிகிறது. தட்டினால் தெறித்துவிடும். ஆக, உருக்குவதுதான் இங்கே சிக்கலே. உருக்காமல் சேர்க்க வேண்டும்.

லேத் தெரிந்தவர்களுக்கு இந்த இயந்திரம் புதிதாகத் தோன்றாது. ஒரு பக்கம் சுழலும் சக். எதிர்ப்பக்கம் சுழலாத பிடி, அதற்குப் பின்னால் ஹைட்ராலிக் சிலிண்டர். ஒரு துண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழல்கிறது. மற்றதைக் கொண்டுபோய் அதன் முகத்தோடு முட்டவைத்து அழுத்துகிறார்கள். இரும்புக் கம்பிகளானால், முட்டிய இடத்தில் சிவப்பு வளையம் ஒன்று தோன்றி, கண்ணெதிரே ஆரஞ்சு நிறமாகிறது. கம்பிகள் நீளம் குறையத் தொடங்குகின்றன. குறிப்பிட்ட அளவு குறைந்ததும் பிரேக் விழுகிறது. சுழற்சி நிற்கும் அந்த நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டி ஒரே நெட்டு. சிறிய துண்டுகளுக்குச் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். புகை இல்லை, எலக்ட்ரோடு இல்லை, வாயு இல்லை.

எங்கள் வீட்டில் தேய்ந்து சில்லாகிப்போன சோப்பை அம்மா ஒருநாளும் எறிந்ததில்லை. சில்லையும் புதுக்கட்டியையும் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தேய்ப்பார். மேற்பரப்பு குழைந்ததும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அழுத்திப் பிடிப்பார். மறுநாள் அது ஒரே கட்டி. அங்கே குழைப்பது தண்ணீர், இங்கே வெப்பம். வரிசை ஒன்றுதான்: தேய்க்க வேண்டும், குழைய வேண்டும், நிறுத்த வேண்டும், அழுத்த வேண்டும். கடைசி இரண்டில் ஒன்று தப்பினாலும் ஒட்டாது.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது, உலோகம் தன் சூட்டைத் தானே அளந்துகொள்ளும் விதம். இவ்வளவு வேகத்தில், இவ்வளவு அழுத்தத்தில் தேய்த்தால் கம்பி உருகி ஓடியிருக்க வேண்டும் அல்லவா? ஓடுவதில்லை. தேய்படும் அடுக்கு சூடாகச் சூடாக இளகுகிறது. இளகிய உலோகம் சுழற்சிக்குக் காட்டும் எதிர்ப்பு குறைவு. எதிர்ப்பு குறைந்தால் பிறக்கும் வெப்பமும் குறைகிறது. கொஞ்சம் ஆறினால் இறுகுகிறது, எதிர்ப்பு கூடுகிறது, வெப்பமும் மறுபடி கூடுகிறது. தப்பித்தவறி ஒரு படலம் திரவமானால், அதுவே எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக் கொடுத்து, வெப்பம் பிறப்பதை அடக்கிவிடும். ஆகவே, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே, களிபோல் பிசையத்தக்க பதத்தில், உலோகம் தானாகவே நின்றுகொள்கிறது. சக்கைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசையை வரைபடமாக எடுத்தால் இது தெளிவாகத் தெரியும். முட்டிய உடனே ஒரு சிகரம், பிறகு நீண்ட சமவெளி, பிரேக் விழும்போது மறுபடி ஒரு சிகரம். அந்தச் சமவெளிதான் உலோகம் தனக்குத்தானே பிடித்த பதம்.

உருகாததால் கிடைக்கும் நன்மைகள் பல. திரவமே இல்லையென்றால் அது உறையும்போது வரும் குமிழும் துளையும் இல்லை. வெப்பம் மெல்லிய பட்டையோடு நின்றுவிடுவதால் பக்கத்து உலோகத்தின் குணம் பெரிதாகக் கெடுவதில்லை. நேரமும் குறைவு. அதனால் அலுமினியத்துக்கும் காப்பருக்கும் நடுவில் அந்த நொறுங்கும் சேர்மம் தடித்து வளர அவகாசமே கிடைப்பதில்லை. நம் வாசகரின் லக் விடாப்பிடியாக நின்றதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, ஒட்டைச் சுற்றிச் சுருண்டு நிற்கும் பிசிர். பார்ப்பவர்களுக்கு அது கழிவு. உண்மையில் துருவையும் ஆக்சைடையும் மேற்பரப்பின் அழுக்கையும் வாரிக்கொண்டு வெளியேறியது அதுதான். அது போன பிறகுதான் புது உலோகமும் புது உலோகமும் முகத்தோடு முகம் சேர்ந்தன. அதன் கடமை முடிந்ததும் லேத்தில் சீவி எறிந்துவிடுகிறார்கள். ஒட்டின் இடமே தெரியாமல் போகிறது.

தெரியாததாலேயே இந்தத் தொழில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும் நமக்குத் தெரிவதில்லை. மெக்கானிக் நண்பர் ஒருவரின் கடையில் கழற்றிப்போட்ட எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின்மேல் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். தண்டில் படக்கென்று ஒட்டியது. தலைப்பக்கம் நகர்த்தினேன். ஓர் இடத்தைத் தாண்டியதும் பிடியே இல்லை. பார்வைக்கு ஒரே இரும்பு, காந்தத்துக்கு இரண்டு. எரிந்த வாயுவின் சூட்டைத் தாங்க வேண்டிய தலை, குரோமியமும் நிக்கலும் மாங்கனீசும் கலந்த, காந்தம் பிடிக்காத எஃகு. தேய்மானத்தைத் தாங்க வேண்டிய தண்டு, கடினப்படுத்தத்தக்க வேறு எஃகு. முழு வால்வையும் விலை கூடிய எஃகில் செய்ய வேண்டியதில்லை. தேவையான இடத்துக்குத் தேவையான உலோகம், நடுவில் ஓர் உராய்வு ஒட்டு. எல்லா வால்வும் இப்படி அல்ல என்றாலும், நம் சாலைகளில் ஓடும் வண்டிகளில் இத்தகைய வால்வுகள் ஏராளம்.

டர்போசார்ஜரில் வெப்பம் தாங்கும் நிக்கல் கலவைச் சக்கரத்தை எஃகுத் தண்டோடு சேர்ப்பதும் இப்படித்தான். எண்ணெய்க் கிணறு தோண்டும் நீளமான குழாய்களின் இரு முனையிலும் மரையுள்ள தடித்த இணைப்புகளை ஒட்டுவதும் இப்படித்தான். லாரி அச்சுகள், ஹைட்ராலிக் சிலிண்டரின் தண்டுகள் என்று பட்டியல் நீளும்.

இதை ஒரு தொழில்முறையாக நிலைநாட்டியவர் சோவியத் நாட்டில் லேத்தில் வேலை பார்த்த சுடிகோவ் என்ற தொழிலாளி, 1956-இல். பட்டறையில் நின்றவரின் கண் இதற்குத் தேவைப்பட்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1960களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் பிரேக்குக்குப் பதிலாகக் கனத்த சக்கரத்தின் சுழல் ஆற்றலையே பயன்படுத்தும் முறையை வளர்த்தது. சக்கரத்தில் சேர்த்துவைத்த ஆற்றல் ஒட்டுக்குள் செலவாகித் தீர்ந்ததும் சுழற்சி தானே நின்றுவிடும். சுழற்ற முடியாத வடிவங்களுக்கு முன்னும் பின்னுமாகத் தேய்க்கும் முறை வந்தது. ஜெட் எஞ்சினின் வட்டில் இறக்கைகளை அப்படி ஒட்டுகிறார்கள்.

1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள பற்றவைப்பு நிறுவனத்தில் வெய்ன் தாமஸ் குழுவினர் இன்னொரு படி ஏறினார்கள். இரண்டு தகடுகளை அருகருகே வைத்து, சுழலும் கடினமான முனையொன்றை அவை சேரும் கோட்டில் இறக்கி, உலோகத்தைப் பிசைந்துகொண்டே நகர்த்தும் முறை அது. மீன்பிடிக் கப்பல்களில் மீனை உறையவைக்கும் அலுமினியப் பலகைகளில் தொடங்கி, விண்வெளி ஓடத்தின் எரிபொருள் கலம் வரைக்கும் அது போய்விட்டது. உருக்கினால் வெடிப்பு விடும் அலுமினியக் கலவைகளுக்கு அது பெரிய வரம்.

இப்போது மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். அலுமினியக் கேபிளில் சாதாரணக் காப்பர் லக்கைப் போட்டு, சுத்தியலால் நசுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் பலர். ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்த இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். சூடேறி ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்காததால் பிடி தளரும். மிச்சம் பிடிப்பது சில ரூபாய், போவது மோட்டார், சில சமயம் உயிர். சரியான லக்கை வாங்கியவர்களும் கேபிள் முனையைப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, உரிய டையால் அழுத்த வேண்டும். தொழிற்சாலை அவ்வளவு கவனமாகச் சேர்த்துக் கொடுத்ததை, நம் பக்கத்து ஒட்டில் கெடுத்துவிடக் கூடாது.

பெரிய குறை, இதைக் கற்றுக்கொடுப்பதில் இருக்கிறது. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் பற்றவைப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் உராய்வு முறைகளைப் பற்றி உலகம் மதிக்கும் கட்டுரைகளை எழுதியிருக்கிறார்கள். அறிவு நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் ஐ.டி.ஐ. மாணவர் பலருக்கு இது தேர்வுக்கு முன்னால் மனப்பாடம் செய்யும் ஒரு பத்தியாகவே நின்றுவிடுகிறது. பொறி பறக்கும் வேலைதான் வெல்டிங் என்ற எண்ணத்தோடு வெளியே வருகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெக்கானிக் கடையிலிருந்து பழைய எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சேகரியுங்கள். உள்ளே சோடியம் அடைத்த வகையை மட்டும் தொடாதீர்கள், அதை அறுப்பது ஆபத்து. மற்றதைக் காந்தத்தால் சோதித்து, குணம் மாறும் இடத்தில் நீளவாக்கில் அறுத்து, பளபளப்பாகத் தேய்த்து, ஆய்வகத்தில் வழக்கமாக எஃகுக்குப் பூசும் நைட்ரிக் அமிலக் கரைசலை உங்கள் கையாலேயே பூசிக் காட்டுங்கள். தண்டு கருக்கும், தலை வெள்ளையாகவே இருக்கும், நடுவில் எல்லைக்கோடு எழும். பாடப்புத்தகத்தின் பத்தி தர முடியாததை அந்தக் கோடு தந்துவிடும். அதைப் பார்த்த மாணவன், ஒட்டு என்பது மேலே தெரியும் தழும்பு அல்ல, உள்ளே நடந்து முடிந்த வேலை என்று புரிந்துகொள்வான். அவன் கையால் நாளை எந்த முறையில் பற்றவைத்தாலும் அதை நம்பி வண்டியில் ஏறலாம்.