கடலில் போட்டாலும் அளந்து போடு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஏது? அச்சுவேலிக்குப் பக்கத்தில் இருக்கும் தொண்டைமானாறுகூடப் பேரில்தான் ஆறு. உண்மையில் அது கடல்நீரேரி. ஆகவே நாங்கள் இந்தப் பழமொழியைக் கடலுக்கு மாற்றிச் சொல்லலாம். கடற்காற்று, அலை, ஓதம் என்று புதுப்பிக்கத்தக்க சக்திக்காகக் கரையோரத்தில் பொதுப்பணம் இறங்கும் காலம் இது. அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இடைக்காட்டில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் தோட்டக்காரருக்கும் உண்டு, வளலாயில் வலை இழுக்கும் தொழிலாளிக்கும் உண்டு. எப்படிக் கேட்பது?

மூன்று தீவுகளின் கதை

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குத் தேசிய மின்வலையமைப்பின் இணைப்பு இல்லை. டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தன. அங்கே காற்றும் வெயிலும் சேர்ந்த கலப்பு மின் நிலையங்களை அமைக்கும் வேலையை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதித் திட்டமொன்றின் கீழ் சீன நிறுவனமொன்றுக்கு வழங்க 2021 ஜனவரியில் அமைச்சரவை இணங்கியது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்பாடு வந்தது. 2024 மார்ச் 1ஆம் திகதி, ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூரின் யூ சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. திட்டத்தின் அளவு: காற்றில் 530 கிலோவாற், சூரிய ஒளியில் 1,700 கிலோவாற், 2,400 கிலோவாற் மணி மின்கலம், 2,500 கிலோவாற் மாற்று டீசல்.

அமைச்சரவை முடிவுக்கும் கடைசி ஒப்பந்தத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. அவ்வளவு காலமும் தீவுகளில் டீசல் எரிந்தது. தாமதமும் ஒரு செலவுதான். ஆனால் அதை யாரும் கணக்கில் தனி வரியாக எழுதுவதில்லை.

“இனாமாய்க் கிடைக்கிறதுக்கு என்ன கணக்கு?” என்று சிலர் கேட்கலாம். நன்கொடை கட்டுமானத்தோடு முடிந்துவிடும். உத்தரவாதக் காலம் கழிந்த பிறகு காற்றாலையின் இறக்கை உடைந்தால், மின்கலம் சோர்ந்தால், செலவு மின்கட்டணத்திலோ திறைசேரியிலோதான் வந்து விழும். கடனாக இருந்தால் முதலும் வட்டியும் எங்கள் தலையில். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி உண்டு.

அலையில் போன பணம்

கடலுக்குள்ளேயே இயந்திரத்தை இறக்கும் திட்டங்களில் ஆபத்து இன்னும் கூட. உப்பு இரும்பைத் தின்னும், புயல் நங்கூரத்தைப் பிடுங்கும். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991இல் இந்திய அரசின் நிதியில் 150 கிலோவாற் அலைமின் நிலையம் அமைந்தது. ஆராய்ச்சிக்கு உதவியது, வணிக மின் நிலையமாக வளரவில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்துக் கடலில், மேல்நீரின் சூட்டுக்கும் ஆழ்நீரின் குளிருக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து 1 மெகாவாற் மின்சாரம் எடுக்கச் சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் முயன்றது. ஆழ்நீரை மேலே கொண்டுவரும் நீண்ட குழாயை இறக்குவதிலேயே அது தோற்றது. ஆனால் ஆழ்கடலின் குளிர்நீரை எடுக்கும் இதே வழியில் அந்த நிறுவனம் 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தது. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லீற்றர்.

ஆகவே தோல்வி குற்றமல்ல. எதற்கு எவ்வளவு கொடுத்தோம், என்ன கற்றோம் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனி நகரில் நடந்ததைப் பாருங்கள். 2017இல் கார்னகி நிறுவனத்தின் அலைமின் திட்டத்துக்கு மாநில அரசு 1 கோடியே 57 இலட்சத்து 50 ஆயிரம் அவுஸ்திரேலிய டொலர் தர ஒப்புக்கொண்டது. நிறுவனம் பண நெருக்கடியில் விழ, 2019இல் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. அதுவரை அரசின் கையிலிருந்து போனது சுமார் 26 இலட்சம் மட்டும். வேலையின் கட்டத்துக்கு ஏற்பப் பணம் கொடுக்கும் ஏற்பாடு இருந்ததால் மீதிப் பணம் தப்பியது. அந்த 26 இலட்சமும் ஏன் போனது என்று அங்கே அரசியலில் பெரிய கேள்வி எழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பலர் கவனிக்காமல் விடுவது அதன் 9ஆம் பிரிவை. வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட எந்தத் திட்டமானாலும், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அதன் விபரங்களை அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. அவசரத் திட்டமென்றால் ஒரு வாரம். வேலை நடக்கும் காலம் முழுவதும், பிரசை ஒருவர் எழுத்தில் கேட்டால் புதிய நிலைமையையும் தர வேண்டும்.

கேட்கும் முறை

உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். “எல்லா விபரமும் தருக” என்றால் பதிலும் வழவழவென்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்:

1. நிதி கடனா, நன்கொடையா? கடனென்றால் வட்டியும் தவணையும் என்ன?
2. ரெண்டர் கோரப்பட்டதா? எத்தனை நிறுவனங்கள் விலை கொடுத்தன?
3. இதுவரை எந்தெந்தத் திகதியில், எந்த வேலை முடிந்ததற்காக, எவ்வளவு கொடுக்கப்பட்டது?
4. சாத்தியவள ஆய்வும் சுற்றாடல் அறிக்கையும் எங்கே பார்க்கலாம்?
5. கையளித்த பின் பராமரிப்பு யார் செலவில்?

அலைமின், ஓதமின் திட்டமென்று யாராவது வந்தால் நாலாவது கேள்வியை முதலாவதாக்குங்கள். எங்கள் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரும் இல்லை; ஓதத்தில் மின்சாரம் எடுக்க அது போதுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ, பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையிடுங்கள். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். வெளிநாட்டு உறவு, வணிக இரகசியம் என்று சொல்லி மறுக்கக்கூடும். பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவலைத் தரத்தான் வேண்டும் என்று சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. மேன்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

பாதிப்பு வந்தால்

சுன்னாகத்தை மறக்க முடியாது. மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து கிணறுகள் கெட்டதாக எழுந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. நீதி கிடைத்தது, ஆனால் கிணறு கெட்ட பிறகு.

அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இலஞ்சம் கைமாறியதாகச் சந்தேகம் வந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அரச நிறுவனக் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் ஆராய்ந்து பாராளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறார். பாராளுமன்றத்தின் கோப் குழு (பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு) அதிகாரிகளை அழைத்து விசாரிக்கிறது. அந்த அறிக்கைகளை யாரும் படிக்கலாம்.

தனி ஆளாகக் கேட்கத் தயங்குபவர்கள் கடற்றொழிலாளர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ கூடிப் பேசுங்கள். ஒருவர் பெயரில் விண்ணப்பம் போடுங்கள். வரும் பதிலைப் பத்திரிகை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். அத்திவாரம் வெட்ட முன் கேட்டால் அது கேள்வி. பிறகு கேட்டால் அது வழக்கு.