சாவி திருப்பியும் திரை ஏன் விழிக்கவில்லை?

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குச் சரக்கு ஏற்ற வரும் பழைய லாரிகளில், கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் சுழல வேகமுள் நகரும். புதிய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. சென்சார்கள் அனுப்பும் எண்களை ஒரு சிறு கணினி படித்துத் திரையில் வரைகிறது.

சாவியைத் திருப்பியதும் அந்தக் கணினி நினைவகத்திலிருந்து நிரலை ஏற்ற வேண்டும். அதில் தடுமாறினால் திரை கறுப்பாகவே நிற்கும், இன்ஜினோ ஓடும். ஆபத்து இங்கேதான். வேகம் தெரியாது, இன்ஜின் சூடாவது தெரியாது, பிரேக் எச்சரிக்கையும் கண்ணில் படாது. 2023 ஜூனில் கியா நிறுவனம் 30,297 கேரன்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தக் கோளாறுக்காகத்தான். மென்பொருளை இலவசமாகப் புதுப்பித்தார்கள்.

எல்லாக் கோளாறும் அப்படித் தீராது. ஃபிளாஷ் நினைவகத்தில் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுத முடியும். சில டெஸ்லா கார்களில் அது ஓயாமல் எழுதப்பட்டுத் தேய்ந்து, நடுத்திரையும் பின்பக்கக் கேமராவும் செயலிழந்தன. 2021இல் சுமார் 1,35,000 கார்களுக்குத் திரும்ப அழைப்பு வந்தது. உதிரிப்பாகத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல், 7 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி அரசே கட்டளையிடலாம். நிறுவனத்துக்கு அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகும். நல்ல சட்டம், ஆனால் உரிமையாளர் வண்டியைக் கொண்டுபோனால்தான் பலன். கைமாறிய காருக்கான கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்கே போயிருக்கலாம். ஆகவே ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இன்றே சரிபாருங்கள்.